‘பாத்துக்கங்க’ என்று சொன்னால் வேலையை ஒப்படைத்ததாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூல் விலை, ஆள் பற்றாக்குறை, ஏற்றுமதிக்கு வெளிநாடுகள் போடும் வரி என்று பின்னலாடைத் தொழிலின் சிக்கல்கள் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. அவற்றில் எதுவும் தொழில் செய்பவரின் கையில் இல்லை. கையில் இருக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லவே இந்தக் கடிதம்: கம்பெனிக்குள் ஒருவர் இன்னொருவரிடம் வேலையை ஒப்படைக்கும் விதம். திருப்பூரின் நடுத்தர யூனிட்டுகளில் ஷிப்மென்ட் தவறுவதற்கும், துணி வீணாவதற்கும், நல்ல சூப்பர்வைசர்கள் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போவதற்கும் இது பெரிய காரணம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே ஒப்படைப்பு என்பது பெரும்பாலும் ஒரே சொல்தான். “துணி வந்திருக்கு, பாத்துக்கங்க.” “பிரிண்டிங் அனுப்பணும், பாத்துக்கங்க.” எதைப் பார்ப்பது, எந்த அளவு வரை சரி, சரியில்லை என்றால் யாரைக் கேட்காமல் என்ன செய்யலாம், எத்தனை மணிக்கு வந்து சொல்ல வேண்டும் என்ற நான்கில் ஒன்றுகூட அந்தச் சொல்லில் இல்லை. கேட்டவரும் “சரிங்ணா” என்று போய்விடுவார். சொன்னவர் மனதில் ஒரு வேலை, கேட்டவர் மனதில் வேறொரு வேலை. இரண்டும் வேறு என்பது துணி வெட்டி முடித்த பிறகே தெரிகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 3,600 டி-ஷர்ட் ஆர்டர், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி. கழிவு சேர்த்து சட்டைக்கு 200 கிராம் என்றால் 720 கிலோ துணி. ரோலுக்கு 20 கிலோ வீதம் 36 ரோல். துணி இன்சார்ஜிடம் “ஜிஎஸ்எம் பாத்துட்டு கட்டிங்குக்கு விட்ருங்க” என்று சொல்லியாயிற்று. அவர் கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடை போடுகிறார். 1.89 கிராம், நூறால் பெருக்கினால் 189. பையர் (ஆர்டர் கொடுத்த நிறுவனம்) அனுமதிப்பது கூடக் குறைய 5 சதவீதம், அதாவது 171 முதல் 189 வரை. எல்லைக்குள் இருக்கிறது, பாஸ். அவர் செய்ததில் தவறே இல்லை. ஆனால் துணி 5 சதவீதம் கனம் கூடிவிட்டால், அதே 720 கிலோவில் 3,428 சட்டைதான் விழும். 171 சட்டைக்கு மேல் குறைகிறது. இது வெட்டி முடிக்கும்போது தெரிந்து, மறுபடி நிட்டிங், மறுபடி டையிங் என்று ஓடினால், முப்பத்தைந்து கிலோ சிறிய லாட்டில் பழைய ஷேடு (நிறச் சாயல்) அப்படியே வருவது கடினம்.

இங்கே எது விட்டுப்போயிற்று? அளவு சொல்லப்பட்டது, நோக்கம் சொல்லப்படவில்லை. “பையர் 189 வரை எடுத்துக்குவார். ஆனா நமக்கு 3,600 சட்டை வேணும். துணி கூட எதுவும் எடுக்கலை, 180-க்குத்தான் கணக்கு. சராசரி அதைத் தாண்டினா கத்தி வைக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க.” இப்படிச் சொல்ல அரை நிமிடம் போதும். காரணம் தெரிந்தவர், நாம் சொல்ல மறந்ததையும் கவனிப்பார். காரணம் தெரியாதவர் சொன்னதை மட்டும் செய்வார். அதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆகவே ஒப்படைக்கும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். பெரிய படிவம் எதுவும் வேண்டாம், டிசி (டெலிவரி சலான்) புத்தகத்தின் பின்பக்கம் போதும். மேலே சொன்ன துணி வேலைக்கு அது இப்படி இருக்கலாம்:

“36 ரோலிலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, ரோல் நம்பர் எழுதி, வரிசையாகப் பின் அடித்து, பகல் வெளிச்சத்தில் ஷேடு பிரிக்கவும். 4 ரோலை முழுதாக ஓட்டி ஓட்டை, லைன், கறை பார்க்கவும். 100 சதுர கெஜத்துக்கு 40 பழுதுப் புள்ளி தாண்டினால் இன்னும் 4 ரோல் ஓட்டவும். 50 செ.மீ. சதுரம் குறித்துத் துவைத்து உலர்த்தி அளக்கவும். எந்தப் பக்கமும் 47.5-க்குக் கீழே போகக் கூடாது. ஷேடு மாறிய ரோலைத் தனியாக ஒதுக்கி வைக்க யாரையும் கேட்க வேண்டாம். டையிங்குக்குத் திருப்பி அனுப்புவதானால் மட்டும் கேட்கவும். நாளை பகல் 12 மணிக்கு ஷேடு துண்டுகளோடு வரவும்.”

இதில் வேலை எது, அளவு எது, அதிகாரம் எதுவரை, எப்போது திரும்ப வர வேண்டும் என்ற நான்கும் இருக்கின்றன. 40 புள்ளி, 5 சதவீதச் சுருக்கம் என்பவை வழக்கமான எல்லைகள். பையருக்குப் பையர் மாறும். எண் எதுவானாலும் அது சீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். “நல்லா பாருங்க” என்பது அளவாகாது.

எழுதிக் கொடுத்தவுடன், “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். “எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் இரண்டு வாக்கியத்திலேயே புரிந்ததா என்பது வெளிப்பட்டுவிடும். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் டெய்லர்கள் இருக்கும் லைனில் இது இன்னும் அவசியம். அங்கே வாயால் சொல்வதைவிட, ஒப்புதலான ஒரு பீஸையும் தவறான ஒரு பீஸையும் லைன் தலைப்பில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, தவறான இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது நன்றாக வேலை செய்யும். தையல் அங்குலத்துக்கு 10 முதல் 12 என்றால், எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். சொல்லும் நேரமும் முக்கியம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து, இரவு எட்டரைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே சொல்லப்படும் வேலை, மறுநாள் காலை பாதி மறந்தே வந்து சேரும்.

அடுத்தது அதிகாரம். பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பதே நாங்கள் பார்த்தவற்றில் மிகப் பரவலான பிழை. ஷேடு பார்ப்பது கட்டிங் மாஸ்டரின் பொறுப்பு. ஆனால் கட்டிங்கை நிறுத்த வேண்டுமானால் முதலாளி சொல்ல வேண்டும். முதலாளி விமானத்தில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. மாஸ்டர் என்ன செய்வார்? நிறுத்தினால் “யாரைக் கேட்டு நிறுத்தினே?” என்று கேட்பார்கள். வெட்டினால் “பாத்துத்தான் வெட்டினேன்” என்று சொல்லிக்கொள்ளலாம். வெட்டிவிடுவார். எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்றால் ஒரு அடுக்கில் 6 பீஸ், 60 அடுக்கு விரித்த ஒரே லேயில் 360 சட்டை. ஆர்டரில் பத்தில் ஒரு பங்கு ஒரே கத்தி ஓட்டத்தில் போய்விடும். நிறுத்தும் அதிகாரம் மாஸ்டரிடம் இருந்திருந்தால் நஷ்டம் இரண்டு மணி நேரத்தோடு முடிந்திருக்கும்.

எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி. ஒரு வாரம், ஆறு வேலை நாள், “அண்ணா, இதை என்ன பண்றது?” என்று வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: யார் கேட்டார், எதைப் பற்றி, நீங்கள் சொன்ன பதில் என்ன. சனிக்கிழமை பார்த்தால் ஒரே கேள்வி மூன்று நான்கு முறை வந்திருக்கும், நீங்களும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பீர்கள். நூல் கோன் வாங்கட்டுமா, கறை பட்ட பீஸுக்கு மறு வெட்டுப் போடட்டுமா, லைனை ஒரு மணி நேரம் கூட ஓட்டட்டுமா. அந்தக் கேள்விகளுக்கு எல்லை போட்டுவிட்டால் போதும். அவசர நூல், பட்டன், டேப்புக்கு ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் வரை. மறு வெட்டு ஸ்டைலுக்கு 10 பீஸ் வரை. இதற்கு மேல் கேட்க வேண்டும் என்று. தொகையைத் தங்கள் கம்பெனியின் அளவுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் சரியாக ஓடினால் உயர்த்துங்கள். உயர்த்துவதை அவரிடம் மட்டுமல்ல, ஸ்டோர், அக்கவுண்ட்ஸ், செக்யூரிட்டி எல்லோரிடமும் சொல்லுங்கள். “அவர் கையெழுத்துக்கு மூவாயிரம் குடுக்கலாம்” என்று கேஷியருக்குத் தெரியாவிட்டால் கொடுத்த அதிகாரம் காகிதத்தோடு நின்றுவிடும்.

“எல்லாம் கொடுத்துவிட்டால் கட்டுப்பாடு போய்விடுமே” என்ற பயம் புரிந்துகொள்ளக்கூடியது. அதற்கு மருந்து, எல்லா இடத்திலும் நின்று பார்ப்பதல்ல. மீள முடியாத இடங்களுக்கு ஒரு படி முன்னால் நின்று பார்ப்பது. பின்னலாடையில் அப்படிப்பட்ட இடங்கள் சிலதான். முழு லாட்டைச் சாயத்தில் இறக்குமுன் லேப் டிப் (சிறு துண்டில் சாயமிட்ட மாதிரி) ஒப்புதல். கத்தி ஓடுமுன் ஷேடும் சுருக்கமும். லைக்ரா கலந்த துணியானால் ரோலைப் பிரித்து 24 மணி நேரம் தளர விட்டாயிற்றா என்பதும். பிரிண்டிங்குக்குப் பேனல் போகுமுன் மாதிரி அச்சு. லேபிள் தைக்குமுன் வாஷ்கேர் வாசகம். அட்டைப்பெட்டி ஒட்டுமுன் சைஸ் கலவை. இந்த இடங்களில் மட்டும் பொறுப்பாளரோடு ஐந்து நிமிடம் நின்றால், இடையில் அவர் எப்படிச் செய்கிறார் என்பதை அவரிடமே விட்டுவிடலாம். ஓவர்லாக் தையல் முதலிலா பேட்லாக் தையல் முதலிலா, எந்த டெய்லரை எந்த மெஷினில் உட்கார வைப்பது என்பதெல்லாம் லைன் சூப்பர்வைசரின் வேலை. அவருக்குத் தெரிந்த அளவு மேலே இருப்பவருக்கு அது தெரியாது.

பிரிண்டிங், எம்ப்ராய்டரி போன்று வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒப்புதலான மாதிரி அச்சை மூன்று துண்டாக வெட்டி, மூன்றிலும் தேதியும் கையெழுத்தும் போட்டு, ஒன்றை பிரிண்டருக்கும் ஒன்றை லைனுக்கும் கொடுத்து ஒன்றை ஆபீஸ் ஃபைலில் வையுங்கள். போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து நிறத்தை ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு திரையிலும் அது ஒவ்வொரு நிறம்.

புதியவரிடம் கொடுத்த வேலையை ஆரம்பத்தில் நெருக்கமாகவும் பிறகு தள்ளியும் பார்க்க வேண்டும். நடப்பது இதற்கு நேர்மாறு. முதல் இரண்டு நாள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஷிப்மென்ட்டுக்கு முந்தைய நாள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். முதல் 10 பீஸை அளவு அட்டையோடு ஒப்பிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் முடிந்ததும் ஒருமுறை, மதியம் ஒருமுறை, பிறகு நாளுக்கு ஒருமுறை. லைனில் ஒவ்வொரு டெய்லரிடமும் ஒரு சுற்றுக்கு 7 பீஸ் எடுத்துப் பார்ப்பது பல யூனிட்டுகளில் இருக்கும் வழக்கம். ஒன்று பழுதானாலும் அந்தக் கட்டு முழுவதையும் பார்க்க வேண்டும். 3,600 பீஸ் லாட்டில் பெரிய பழுதுகளுக்கு ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பழுது அளவு) 2.5 என்றால் பொது ஆய்வு நிலை இரண்டின்படி 200 பீஸ் எடுப்பார்கள்; 10 பழுது வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். இந்த எண்களை இறுதி ஆய்வு நாளில் அல்ல, தையல் தொடங்கும் நாளிலேயே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். எந்தப் பரீட்சையை எழுதப் போகிறோம் என்று தெரியாமல் படிக்க யாராலும் முடியாது.

இனி எல்லாவற்றையும்விட எங்களை வருத்தும் ஒன்று. தவறைச் சொல்ல வந்தவரைத் திட்டும் இடத்தில் எந்த ஒப்படைப்பும் நிற்காது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்கள் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும். இந்தப் பொறுப்பு நேரடியாக டெய்லரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊசி உடைத்தால் அபராதம் என்றோ, லைன் நின்றதற்கு எல்லோர் முன்னும் ஏச்சு என்றோ இருந்தால் அவர் துண்டைத் தேட மாட்டார், மறைப்பார். அந்த முனை ஒரு கைக்குழந்தையின் சட்டைக்குள் போகலாம். ஆகவே ஊசி உடைந்ததற்கு அபராதம் வேண்டவே வேண்டாம். சொல்லாமல் மறைத்ததற்கு மட்டும் நடவடிக்கை என்று வையுங்கள். ஷேடு மாற்றம், எண்ணிக்கைக் குறைவு, தவறிய தேதி எல்லாவற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

கொடுத்த வேலை திரும்பி வருவதும் உண்டு. “அண்ணா, மெயின் லேபிள் இன்னும் வரலை.” “சரி, விடு, நான் பேசிக்கறேன்.” இந்த ஒரு பதிலில் லேபிள் வேலை மேனேஜரின் தலைக்கு மாறிவிட்டது, இனி லேபிள் வராவிட்டால் அது அவருடைய குற்றம். மாலைக்குள் இப்படிப் பத்து வேலை சேர்ந்துவிடும். அதற்குப் பதில், “சப்ளையர் என்ன சொன்னார்? எத்தனை மணிக்கு வண்டி ஏறும்? அதுவரைக்கும் லைன்ல எந்த ஆபரேஷனை ஓட்டலாம்?” என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு ஒரு மணி நேரத்தில் வரச் சொல்லுங்கள். சப்ளையர் அவர் போனை எடுக்கவே இல்லை என்றால் நீங்கள் ஒருமுறை பேசி, “இனிமே இவர்கிட்டயே பேசுங்க” என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். வேலை அவரிடமே இருக்கும்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். லைனில் நடந்து போகும்போது நேராக டெய்லரிடம் “இதை இப்படி மாத்து” என்று சொல்லாதீர்கள். அவர் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுவார். சூப்பர்வைசருக்குத் தெரியாது, பழைய விதத்தில் நூறும் புதிய விதத்தில் இருநூறும் கலந்துவிடும். அடுத்த நாளிலிருந்து டெய்லர்கள் சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்க மாட்டார்கள். கண்ணில் பட்ட குறையைச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவரிடம் சொல்லுங்கள். ஊசி, கத்தி, மின்சாரம், தீ சம்பந்தப்பட்ட ஆபத்து என்றால் மட்டும் யாரிடமும் நேரடியாகக் கத்தலாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் வேலை போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினைந்து பேர் இருக்கும் குரூப்பில் “பாலிபேக் ஃபாலோ பண்ணுங்க” என்று போட்டால், நான்கு பேர் கட்டைவிரல் படம் போடுவார்கள், ஒருவரும் போன் செய்ய மாட்டார்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர். உதவிக்கு மூன்று பேர் இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே.

ஆபீஸ் வேலையிலும் இதே கதைதான். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்வோருக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, வரி கட்டும் 3பி 20-ஆம் தேதி. பிஎஃப், இஎஸ்ஐ 15-ஆம் தேதி. “ஃபைலிங் உங்க பொறுப்பு” என்று அக்கவுண்டண்டிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஜாப் ஒர்க் பில் ஆர்டரைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசரின் மேஜையில், வருகைப் பதிவு டைம் ஆபீஸில், ஓடிபி முதலாளியின் போனில். கடைசிப் படியை மட்டும் ஒப்படைத்து, அதற்கு முந்தைய படிகளை யார் எந்தத் தேதியில் தர வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், தாமதக் கட்டணத்துக்கு அவரைக் கேட்டுப் பயனில்லை. விற்பனை பில் எல்லாம் 3-ஆம் தேதிக்குள், வருகைப் பதிவு 5-ஆம் தேதிக்குள் என்று தருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடிபியைப் போனில் வாசித்துக் காட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, போர்ட்டலில் கூடுதலாக ஒரு கையொப்ப அதிகாரியை முறைப்படி சேருங்கள். வங்கியில் பணம் அனுப்பப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒருவரிடம் கொடுப்பது அவரையும் ஆபத்தில் தள்ளுவதாகும்.

ஒப்படைக்கவே கூடாதவையும் உண்டு. ஒருவரை வேலையைவிட்டு நீக்குவது, கூலித் தகராறு, விலை ஒப்புதல், பெண் தொழிலாளரின் பாலியல் புகார். கடைசியானது சட்டப்படி அமைக்கப்பட்ட உள்ளகக் குழுவுக்குத்தான் போக வேண்டும். “நீங்க பேசி முடிச்சுருங்க” என்று எந்த சூப்பர்வைசரிடமும் தள்ளிவிடக் கூடாது. பாய்லரைச் சான்றிதழ் உள்ள ஆபரேட்டரைத் தவிர வேறு யாரிடமும், ஒரு மணி நேரத்துக்குக்கூட, விடக் கூடாது.

இன்னும் ஒன்று. திருப்பூரின் செக்கிங் மேஜைகளில் பத்து, பதினைந்து வருடமாக நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரலால் தடவியே தையல் விட்ட இடத்தைச் சொல்லிவிடுவார்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுதும் அவர்களுடையது. பழுது வரும் லைனை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒரு துளியும் கிடையாது. ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு கட்டில் ஒரே பழுது மூன்று பீஸில் வந்தால், அந்த மெஷினை நிறுத்தி சூப்பர்வைசரைக் கூப்பிடும் அதிகாரத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். பொறுப்பு கூடும்போது கூலியும் கூட வேண்டும். சூப்பர்வைசர் என்று பெயர் மாற்றி செக்கிங் கூலியே கொடுப்பதை ஏற்க முடியாது. முதல் வாரம் தேவையில்லாமல் இரண்டு மூன்று முறை மெஷின் நிற்கும். அப்போது அவர்களைக் கடிந்துகொள்ளாமல், எது பழுது எது இல்லை என்று அந்த பீஸையே கையில் வைத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பின்னலாடை உற்பத்தி, தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கும் சிலர்,
திருப்பூர்.